பன்னிரண்டு புள்ளியும் பதின்மூன்று புள்ளியும்

மார்கழி விடியற்காலை. சாணம் தெளித்த வாசலில் ஒரு பெண் குனிந்து, ஐந்து வரிசை, வரிசைக்கு ஏழு புள்ளி என்று கோலமாவைச் சொட்டிக்கொண்டே போகிறார். புள்ளி வைத்து முடித்ததும் ஒரு மூலையில் இழையைத் தொடங்குகிறார். புள்ளிகளுக்கு நடுவே சாய்வாக இறங்கி, ஓரத்துக்கு வந்ததும் வளைந்து திரும்பி, மறுபடி சாய்வாக ஏறி, முப்பத்தைந்து புள்ளிகளையும் சுற்றிவிட்டு இழை தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்கிறது. எதிர்வீட்டில் நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு புள்ளி. அங்கேயும் அதே சாய்வு, அதே திருப்பம். ஆனால் கோலம் நிறைவதற்கு முன்பே இழை தொடங்கிய இடத்துக்கு வந்து மூடிக்கொள்கிறது. மிச்சத்தை நிரப்ப இன்னோர் இழை போட வேண்டியிருக்கிறது.

கைப்பழக்கத்தில் இருவருக்கும் குறை இல்லை. வித்தியாசம் எண்களில் இருக்கிறது. 4, 6 இரண்டையும் மீதியின்றி வகுக்கும் எண்களில் பெரியது 2. அதனால் இரண்டு இழை. 5, 7 இரண்டையும் வகுப்பது 1 மட்டுமே. அதனால் ஒரே இழை. நடுவில் எந்தச் சுழிப்பும் சேர்க்காமல் ஓரத்தில் மட்டும் திரும்புகிற எளிய சிக்குக் கோலத்துக்கு இந்த விதி தப்பாது: வரிசைகளின் எண்ணிக்கைக்கும் ஒரு வரிசையில் உள்ள புள்ளிகளுக்கும் மீப்பெரு பொதுக் காரணி எவ்வளவோ, அத்தனை இழை. மூன்றுக்கு மூன்று வைத்தால் மூன்று இழை. ஆறுக்கு ஒன்பது வைத்தாலும் மூன்றுதான். ஆப்பிரிக்காவில் அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் விரலால் வரையும் 'சோனா' ஓவியங்களிலும் இதே விதி ஓடுகிறது. மொசாம்பிக்கில் வாழ்ந்த கணித அறிஞர் பவுலஸ் கெர்தெஸ் அந்த ஓவியங்களோடு தமிழ்நாட்டுக் கோலங்களையும் சேர்த்து ஆராய்ந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய குழுவினரும் 1970களிலேயே கோலத்தைக் கணினிக்குப் புரியும் இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள்.

காரணி, மடங்கு என்ற சொற்களைக் கேட்டாலே ஐந்தாம் வகுப்பு வாய்ப்பாட்டு வாசனை அடிக்கும். ஆனால் அந்த இரண்டு சொற்களுக்குள் இருக்கும் பிடிவாதத்தைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் புள்ளிகள் போதும்.

பன்னிரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள்ளலாம். அவற்றைச் சம வரிசைகளாக அடுக்க வேண்டும். ஒரு வரிசையில் பன்னிரண்டு. இரண்டு வரிசையில் ஆறாறு. மூன்று வரிசையில் நந்நான்கு. அடுக்க முடிந்த எண்களெல்லாம், அதாவது 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறும் 12-இன் காரணிகள். அதையே திருப்பிச் சொன்னால் 12 அந்த ஆறு எண்களுக்கும் மடங்கு. காரணி எண்ணுக்குள் அடங்கியிருக்கும். மடங்கு எண்ணைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகும். 12-க்குக் காரணிகள் ஆறோடு தீர்ந்துவிடும். அதன் மடங்குகளோ 12, 24, 36, 48 என்று ஓயாமல் நீளும்.

இப்போது ஒரு புள்ளியைக் கூட்டிப் பதின்மூன்றாக்கினால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. இரண்டு வரிசையாக அடுக்கினால் ஒன்று மிச்சம். மூன்றாக அடுக்கினாலும் ஒன்று மிச்சம். நான்கிலும் ஆறிலும்கூட அதே ஒன்று வெளியே நிற்கிறது. ஐந்து வரிசையாக அடுக்கினால் மூன்று மிச்சம். ஒற்றை வரிசையில் நீட்டி வைப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் இப்படிப்பட்ட எண்ணுக்குப் பகா எண் என்று பெயர். மற்றபடி பிரித்து அடுக்க இடம் கொடுப்பது பகு எண்.

தமிழில் இந்தப் பெயர் அமைந்த விதம் அழகானது. நன்னூல் படித்தவர்களுக்குப் பகுபதமும் பகாப்பதமும் தெரியும். பகுதி, விகுதி என்று பிரிக்க முடிந்த சொல் பகுபதம். பிரித்தால் பொருள் தராத சொல் பகாப்பதம். இலக்கணக்காரர்கள் சொல்லுக்குச் செய்ததைத்தான் கணக்குக்காரர்கள் எண்ணுக்குச் செய்கிறார்கள். 12 என்பது 2 × 2 × 3. அதற்குமேல் பிரிக்க ஒன்றுமில்லை. 4 × 3 என்று தொடங்கினாலும் 6 × 2 என்று தொடங்கினாலும் கடைசியில் வந்து நிற்பது இரண்டு 2-களும் ஒரு 3-ம்தான். எந்தப் பகு எண்ணை எந்த வழியில் உடைத்தாலும் கிடைக்கும் பகா எண்களின் கூட்டம் மாறாது.

இங்கேதான் 1 சங்கடம் கொடுக்கும். பிள்ளைகள் பலர் 1-ஐயும் பகா எண் பட்டியலில் சேர்த்து மதிப்பெண்ணை இழப்பார்கள். பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு காரணிகள் வேண்டும். 1-க்கு இருப்பது ஒன்றே ஒன்று. தவிர, அதை உள்ளே விட்டால் 12-ஐ 1 × 2 × 2 × 3 என்றும் எழுதலாம், 1 × 1 × 2 × 2 × 3 என்றும் எழுதலாம். 'மாறாத கூட்டம்' என்ற சொத்து கைவிட்டுப் போய்விடும். அதனால் 1 பகாவும் இல்லை, பகுவும் இல்லை. 2 நேர் எதிர்: இரட்டை எண்களிலேயே பகா எண் அது ஒன்றுதான்.

பகா எண்களைப் பொறுக்கி எடுக்கக் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனீஸ் ஒரு சல்லடை வைத்திருந்தார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்துக்குத் தலைமை வகித்தவர். நிழலின் கோணத்தைக் கொண்டு பூமியின் சுற்றளவைக் கணித்தவர். எல்லாத் துறையிலும் கால் வைத்து எதிலும் இரண்டாவதாக நிற்பவர் என்று கேலி செய்து, கிரேக்க அரிச்சுவடியின் இரண்டாம் எழுத்தான 'பீட்டா' என்பதையே அவருக்குப் பட்டப்பெயராக வைத்திருந்தார்களாம். அந்த இரண்டாமவரின் சல்லடை இன்றும் பள்ளிகளில் ஓடுகிறது. 2 முதல் 100 வரை எழுதிக்கொள்ள வேண்டும். 2-ஐ விட்டுவிட்டு அதன் மடங்குகளை அடிக்க வேண்டும். அடுத்து 3, 5, 7 என்று அதே வேலை. அவ்வளவுதான், 100 வரைக்கும் இந்த நான்கே போதும். 11-இன் மடங்குகளில் 11 × 11-க்குக் குறைந்தவை எல்லாம் ஏற்கெனவே அடிபட்டிருக்கும், 121 நூறைத் தாண்டிவிடும். அடிபடாமல் மிஞ்சுபவை 25.

இதில் 7-இன் முறை வரும்போது ஒரு வேடிக்கை உண்டு. அதற்குள் 2, 3, 5 சேர்ந்து கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அடித்துவிட்டிருக்கும். 7-க்கு என்று புதிதாகக் கிடைப்பவை மூன்றே எண்கள்: 49, 77, 91. தேர்வில் பிள்ளைகளை அதிகம் ஏமாற்றுவது அந்த 91-தான். இரட்டையும் இல்லை, 5-இல் முடியவும் இல்லை, இலக்கங்களைக் கூட்டினால் 10 வருவதால் 3-க்கும் படியவில்லை. பார்க்க அசல் பகா எண் போலவே இருக்கும். உள்ளே 7 × 13. பெரியவர்களும் இந்த விஷயத்தில் சளைத்தவர்கள் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் கணித மேதைகளில் ஒருவரான அலெக்சாந்தர் குரோதெந்தீக், பேச்சுவாக்கில் ஒரு பகா எண்ணை உதாரணமாகச் சொல்லும்படி கேட்டபோது 57 என்றாராம். அது 3 × 19. கணிதக்காரர்கள் இன்றைக்கும் 57-ஐ 'குரோதெந்தீக் பகா எண்' என்று சொல்லிச் சிரிப்பதுண்டு.

காரணிகள் காகிதத்தைவிட்டு இறங்கிக் கல்லாப்பெட்டிக்கு வரும்போது விஷயம் சுவையாகிறது.

1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வரும்வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. 'ஒரு தம்பிடி தேறாது' என்று இன்றும் சொல்கிறோமே, அதே தம்பிடி. ஆக ஒரு ரூபாய் என்பது 192 தம்பிடி. அந்த எண்ணை உடைத்தால் ஆறு 2-களும் ஒரு 3-ம் கிடைக்கும். காரணிகள் 14. மூன்று பேர் சேர்ந்து ஒரு ரூபாயைப் பங்கு போட்டால் ஆளுக்கு 64 தம்பிடி, அதாவது ஐந்து அணா நான்கு தம்பிடி. ஒரு சச்சரவும் வராது. இன்றைய ரூபாயில் 100 பைசா. அதை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 33, ஒரு பைசா அந்தரத்தில் நிற்கும். 100 என்பது 2 × 2 × 5 × 5. மூன்றுக்கு அங்கே இடமே இல்லை. காரணிகளும் ஒன்பதுதான். பதின்மக் கணக்கு எழுதவும் கூட்டவும் எளிது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மூன்று பேருக்குப் பங்கு வைக்க அணாக் கணக்குதான் கைகொடுத்தது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அணாவுக்கும் முந்தைய கதை இன்னும் கூர்மையானது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி படித்த பிள்ளைகள் கீழ்வாய் இலக்கம் என்ற பின்னக் கணக்கை மனப்பாடம் செய்தார்கள். அதில் முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி. இரண்டு அரைக்காணி ஒரு காணி, அதாவது 80-இல் ஒன்று. நான்கு காணி ஒரு மா, 20-இல் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி. பெயரே கூட்டல் கணக்கு: மா 16 முந்திரி, காணி 4 முந்திரி, மொத்தம் 20 முந்திரி. 320-ஐ 20-ஆல் வகுத்தால் 16. ஆக மாகாணி என்பது பதினாறில் ஒன்று. அதற்கு வீசம் என்றும் பெயர். இரண்டு வீசம் அரைக்கால், இரண்டு அரைக்கால் கால். ஐந்தின் குடும்பமான மாவும் இரண்டின் குடும்பமான வீசமும் ஒரே அடியில் கலந்து நிற்க இடம் கொடுத்தது 320 என்ற எண்தான்.

அந்த 320-ஐ உடைத்தால் ஆறு 2-களும் ஒரு 5-ம் வரும். காரணிகள் இங்கேயும் 14. தம்பிடிக் கணக்கில் 3 இருந்த இடத்தில் முந்திரிக் கணக்கில் 5 உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த ஒற்றை மாற்றத்தால் மூன்றில் ஒரு பங்கை முந்திரியால் சரியாகச் சொல்ல முடியாமல் போகிறது. 320-ஐ மூன்றால் வகுத்தால் 106 முந்திரி போக இரண்டு மிச்சம். சரி, முந்திரியையும் 320 துண்டாக உடைத்தால்? அதற்கும் பெயர் உண்டு, கீழ்முந்திரி. ஒன்றில் 1,02,400 கீழ்முந்திரி இருக்கும். அதை மூன்றால் வகுத்துப் பார்த்தால் அப்போதும் ஒன்று மிச்சம். ஆயிரம் முறை 320-ஆல் உடைத்தாலும் கிடைப்பதெல்லாம் 2-களும் 5-களும்தான். உள்ளே இல்லாத 3 பெருக்கலால் முளைக்காது. எண்ணின் பகாக் காரணிகள் மாறாதவை என்று மேலே சொன்னதன் விளைவு இதுதான்.

பங்கு போடத் தோதான எண்கள் எவை என்பதை ஒரு தமிழர் விரிவாகவே ஆராய்ந்தார். 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் வெளியான ராமானுஜனின் நீண்ட கட்டுரை உயர் பகு எண்களைப் பற்றியது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளைக் கொண்ட எண் உயர் பகு எண். 12-க்கு ஆறு காரணி. அதற்குக் கீழே எதற்கும் ஆறு இல்லை. 24-க்கு எட்டு, 36-க்கு ஒன்பது, 48-க்குப் பத்து, 60-க்குப் பன்னிரண்டு. 100 இந்த வரிசையில் கிட்டவே வராது. 36-க்கு இருக்கும் அதே ஒன்பதுதான் அதற்கும். அது முதல் உலகப்போர்க் காலம். கழகத்துக்குப் பண நெருக்கடி. அதனால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவில்லை. ஆனாலும் அந்த ஆராய்ச்சிக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. கும்பகோணத்தில் கல்லூரிப் படிப்பைக் கோட்டைவிட்டவருக்குக் கிடைத்த முதல் பட்டம் அது. டாக்ஸி எண் 1729-இன் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை எழுதிய கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி, எண்ணுக்குப் பக்கத்திலேயே 7 × 13 × 19 என்று காரணிகளைக் குறித்து வைத்ததைச் சொல்பவர்கள் குறைவு. எண்ணைக் கண்டதும் உடைத்துப் பார்ப்பது அந்த இருவருக்கும் அனிச்சைச் செயல்.

அறுபதுக்குக் கிடைத்த மரியாதையும் காரணிகளால் வந்ததுதான். 1 முதல் 6 வரை எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண் அது. பாபிலோனியர்கள் அறுபதை அடியாக வைத்து எண்ணியதன் மிச்சம்தான் நம் கடிகாரத்தின் அறுபது நிமிடம். தமிழர்களின் நாளிலும் அறுபது நாழிகை. ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். அதை 24 மணி × 60 நிமிடம் என்று பிரித்தால் மேற்கத்தியக் கடிகாரம், 60 நாழிகை × 24 நிமிடம் என்று பிரித்தால் பஞ்சாங்கம். ஒரே செவ்வகத்தைப் படுக்க வைத்தும் நிறுத்தி வைத்தும் பார்ப்பது போல.

மடங்குகளின் பக்கம் திரும்பினால் கேள்வி வேறாகிறது: தனித்தனியே ஓடும் இரண்டு சுற்றுகள் எப்போது சந்திக்கும்?

மிருதங்கக்காரர்களுக்கு இது அன்றாடப் பாடு. ஆதி தாளத்தில் எட்டு அட்சரம். அதன் மேல் 'தகிட தகதிமி' என்ற ஏழு எண்ணிக்கைச் சொல்லை அட்சரத்துக்கு ஓர் எண்ணிக்கையாகத் தொடர்ந்து வாசித்தால், இரண்டாம் ஆவர்த்தனத்திலேயே சொல்லும் தாளமும் விலகிவிடும். அவை மறுபடி சமத்தில் சேர 56 எண்ணிக்கை, ஏழு ஆவர்த்தனம் ஆகும். 56 என்பது 7, 8 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு. ஏழுக்குப் பதில் நான்கு எண்ணிக்கைச் சொல்லை எடுத்திருந்தால் ஒவ்வோர் ஆவர்த்தனமும் தானாகச் சமத்தில் விழும். கேட்பவருக்குப் படபடப்பே இருக்காது. கண்டமும் மிஸ்ரமும் கச்சேரியில் சுவை கூட்டுவதற்கு 5, 7 ஆகிய பகா எண்கள் எட்டோடு எளிதில் ஒட்டாததும் ஒரு காரணம். கூட்டத்தில் பின்வரிசை ரசிகர் தொடையைத் தட்டிக்கொண்டே கணக்கைத் தவறவிடுவதும் அந்த இடத்தில்தான்.

வானத்திலும் இதே கணக்கு. வியாழன் சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டு, சனிக்கு ஏறத்தாழ 30 ஆண்டு. 12, 30 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 60. பிரபவ முதல் அட்சய வரை ஓடும் அறுபது ஆண்டுச் சுற்று முடிந்து, பிறந்த ஆண்டின் பெயர் திரும்பும்போது அறுபதாம் கல்யாணம் நடக்கிறது. கும்பகோணத்து மகாமகமும் வியாழனை ஒட்டி 12 ஆண்டுக்கு ஒருமுறை வருவதே: 2004, 2016, அடுத்து 2028.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஒரு வகைச் சில்வண்டு பகா எண்ணைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறது. குஞ்சுகள் மண்ணுக்கடியில் மரவேரின் சாற்றை உறிஞ்சியபடி ஆண்டுக்கணக்கில் கிடக்கும். சில கூட்டங்கள் 13 ஆண்டு, சில கூட்டங்கள் 17 ஆண்டு. காலம் வந்ததும் கோடிக்கணக்கில் ஒரே சமயத்தில் மேலே வந்து, சில வாரம் காது கிழியக் கத்தி, முட்டையிட்டு மடிந்துபோகும். ஏன் 12-ஆகவோ 16-ஆகவோ இல்லாமல் 13-ம் 17-ம்? ஒரு விளக்கம் காரணிகளைக் கொண்டது. 12 ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் 2, 3, 4, 6 ஆண்டுச் சுழற்சியில் பெருகும் எதிரி எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் வாசலில் காத்திருக்க முடியும். 13 ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் இரண்டாண்டு எதிரியை 26 ஆண்டுக்கு ஒருமுறைதான் சந்திக்க வேண்டியிருக்கும். மூன்றாண்டு எதிரியை 39 ஆண்டுக்கு ஒருமுறை. இரண்டு கூட்டங்கள் கலந்துவிடாமல் இருக்கவும் இது உதவும் என்கிறார்கள். 2024-இல் அமெரிக்காவில் 13 ஆண்டுக் கூட்டம் ஒன்றும் 17 ஆண்டுக் கூட்டம் ஒன்றும் ஒரே கோடையில் கிளம்பின. 13 × 17 = 221. அந்த இரண்டும் அதற்குமுன் ஒன்றாக வந்தது 1803-இல். இனி வருவது 2245-இல்.

கேட்க எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் இந்த விளக்கத்தை அப்படியே நம்பிவிட முடியாது. உயிரியலாளர்களிடையே இன்னும் விவாதம் ஓய்ந்தபாடில்லை. எதிர்வாதத்துக்கு வெகுதூரம் போகவும் வேண்டாம். நீலகிரியிலும் மூணாறிலும் மலையை ஊதாவாக்கும் நீலக்குறிஞ்சி 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். அது பற்றியிருப்பது காரணிகள் மிகுந்த 12-ஐ. எதிரி எத்தனை பேர் வந்தாலும் தின்று தீராத அளவுக்கு ஒரே சமயத்தில் விதையைக் கொட்டிவிடுவது குறிஞ்சியின் தந்திரம் என்று சொல்லப்படுகிறது.

ஒட்டாமல் நிற்கும் எண்களைத் தேடிய இன்னொரு தமிழர் எஸ்.எஸ். பிள்ளை. 1901-இல் குற்றாலத்துக்கு அருகே வல்லத்தில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்: அடுத்தடுத்து வரும் சில எண்களை எடுத்தால், மற்ற யாரோடும் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத தனிக்கட்டை ஒன்று அவற்றில் இருக்குமா? 8, 9, 10 என்று எடுத்தால் 9 தனிக்கட்டை. எங்கிருந்து தொடங்கினாலும் 16 எண்கள் வரை அப்படி ஒன்று நிச்சயம் இருக்கும் என்று பிள்ளை நிரூபித்தார். 17 எண்களானால் அந்த உறுதி கிடையாது. 2184-இல் தொடங்கி 2200-இல் முடியும் பதினேழு எண்களைப் பார்க்கலாம். 2189 என்பது 11 × 199. தனியாள் போலத் தெரியும், ஆனால் கடைசியில் நிற்கும் 2200-க்கும் 11 உண்டு. 2197 என்பது மூன்று 13-களின் பெருக்கல். முதலில் நிற்கும் 2184-க்குள்ளும் ஒரு 13 ஒளிந்திருக்கிறது. பதினேழில் ஒவ்வொன்றுக்கும் எங்கேயோ ஓர் உறவினர். பேனாவும் காகிதமும் இருந்தால் அரைமணி நேரத்தில் சரிபார்த்துவிடலாம். பிள்ளை 1950-இல் அமெரிக்கா செல்லும் வழியில் கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் இறந்துபோனார்.

2189-ஐ உடைப்பது பேனா வேலை. எண் பெரிதாகும்போதுதான் காரணி தேடுவதன் கடினம் தெரியும். பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் ஒரு பட்டியல் போட்டார். 2-ஐ 67 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும் என்றது அது. 1876-இல் எதுவார் லூக்கா அது பகா எண் அல்ல என்று நிரூபித்தார். ஆனால் அதன் காரணிகள் எவை என்று அவராலும் சொல்ல முடியவில்லை. பூட்டைத் திறக்காமலே உள்ளே ஆள் இருப்பதைக் கண்டுபிடித்த மாதிரி. 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையில் 14,75,73,95,25,89,67,64,12,927 என்ற விடையை வரவழைத்தார். பக்கத்தில் 19,37,07,721-ஐயும் 7,61,83,82,57,287-ஐயும் பெருக்கிக் காட்டினார். இரண்டும் ஒன்றாக வந்தன. பேசாமலே போய் உட்கார்ந்துகொண்டார், அரங்கம் கைதட்டியது என்று கதை. அந்தக் காரணிகளைக் கண்டுபிடிக்க மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்ததாகப் பின்னர் அவர் சொன்னாராம். பெருக்கிக் காட்ட அவருக்குச் சில நிமிடம்தான் பிடித்திருக்கும்.

அந்த ஏற்றத்தாழ்வையே 1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் பூட்டாக மாற்றினார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி விடையை ஊருக்கே சொல்லலாம். எந்த இரண்டு என்பது பெருக்கியவருக்கு மட்டும் தெரியும். மூவரின் முதலெழுத்துகளால் ஆர்எஸ்ஏ எனப்படும் இந்த முறை இணையத்தில் இன்றும் புழங்குகிறது. பகாவா, பகுவா என்று மட்டும் கேட்டால் கணினி சட்டென்று சொல்லிவிடும்; அதைத் தப்பில்லாமலும் அதிக நேரம் பிடிக்காமலும் சொல்லும் பொதுவழியை 2002-இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் கொடுத்தார்கள். மெர்சென் வகையிலேயே 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண் ஒன்று 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. ஆனால் பகு எண்ணின் உள்ளே இருப்பவர்கள் யார் என்ற கேள்வி வேறு.

1977-இல் சவாலாகப் போட்ட 129 இலக்க எண் 1994-இல் உடைந்தது. அதற்குச் சுமார் 600 தன்னார்வலர்களும் அவர்களுடைய கணினிகளும் தேவைப்பட்டன. 250 இலக்க எண் 2020-இல் உடைந்தது. அதே வரிசையில் 617 இலக்கம் கொண்ட ஒன்று இருக்கிறது. உடைப்பவருக்கு 2 லட்சம் டாலர் என்று பரிசு வைத்திருந்தார்கள். 2007-இல் போட்டியையே மூடிவிட்டார்கள், எண் மட்டும் அப்படியே இருக்கிறது. 2519 என்று தொடங்கி 357 என்று முடிகிறது. கடைசி இலக்கம் 7 என்பதால் 2-ஆலும் 5-ஆலும் வகுபடாது என்று நான்காம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். அதைப் பெருக்கிய இரண்டு பகா எண்கள் எவை என்று மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை.